துரோகத்துக்குப் பின் கிறிஸ்தவத் தம்பதி: உண்மை, மன்னிப்பு, சட்டம்

மன்னிப்பு என்ற சொல்லுக்கு ஆலயத்தில் ஒரு பொருள் உண்டு. நீதிமன்றத்தில் அதற்கு வேறு பொருள். ஆலயத்தில் அது உள்ளத்தின் முடிவு. இந்தியக் கிறிஸ்தவத் திருமணங்களுக்குப் பொருந்தும் 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்திலோ அது ஒரு செயல். துணையின் தகாத உறவு தெரிந்த பின்னும் தாம்பத்தியம் தொடர்ந்தால், அல்லது நின்றுபோன தாம்பத்தியம் மறுபடி தொடங்கினால் மட்டுமே அது மன்னிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்கிறது அச்சட்டத்தின் 14-ஆம் பிரிவு. அப்படி மன்னிக்கப்பட்ட தவறை மட்டும் காட்டிப் பின்னாளில் விவாகரத்துக் கேட்டால் மனு நிற்காது. ஆயர் முன்னிலையில் கண்ணீரோடு "மன்னித்துவிட்டேன்" என்று சொன்னதால் மட்டும் எந்த உரிமையும் பறிபோவதில்லை. எதுவும் சொல்லாமல் பழையபடி சேர்ந்து வாழத் தொடங்கினால் அந்த உரிமை போய்விடலாம். மன்னிப்பதற்கும் சேர்ந்து வாழ்வதற்கும் இடையிலுள்ள இந்த வேறுபாடு சட்டத்துக்கு மட்டும் உரியதல்ல; உறவு ஆறுவதற்கும் அதுவே அடிப்படை.

துரோகம் வெளியே வருவது பெரும்பாலும் தானாகச் சொல்லி அல்ல. சாப்பாட்டு மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்த கைபேசி, இரவு பன்னிரண்டு மணிக்குக் குளியலறைக்குள் போகும் சார்ஜர், ஜிபே பட்டியலில் மாதாமாதம் வரும் ஒரே பெயர் என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுக்கும். கேட்டால் முதல் நாள் பதில், "ஆபீஸ்ல பழக்கம், அவ்வளவுதான்." ஒரு வாரம் கழித்து, "ரெண்டு தடவை வெளியே போனோம்." ஒரு மாதம் கழித்து ஓட்டல் ரசீது கிடைக்கும். இப்படித் தவணை முறையில் வரும் உண்மை, செய்த துரோகத்தைவிடக் கூடுதலாகக் காயப்படுத்துகிறது. ஒவ்வொரு தவணையிலும், அதுவரை தட்டுத்தடுமாறி மீண்டிருந்த கொஞ்ச நம்பிக்கையும் சேர்ந்து உடைகிறது. ஆகவே சொல்வதை ஒரே முறையில், முழுதாகச் சொல்லிவிட வேண்டும். யார், எவ்வளவு காலம், முடிந்துவிட்டதா, குடும்பப் பணம் போனதா, உடல்நலத்துக்கு ஆபத்து உண்டா, வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்பவை துணைக்குத் தெரிந்தாக வேண்டியவை. படுக்கையறை விவரங்கள் அப்படியல்ல. அவற்றைத் துருவித் துருவிக் கேட்டு வாங்கியவர்கள் பிறகு அந்தக் காட்சிகளோடுதான் உறங்க வேண்டியிருக்கிறது.

டொனால்ட் பாகம், டக்ளஸ் ஸ்னைடர், கிறிஸ்டினா கார்டன் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்த சிகிச்சை முறை, துரோகத்திலிருந்து மீள்வதை மூன்று கட்டங்களாகப் பார்க்கிறது. முதலில் அதிர்ச்சியைத் தாங்குவது, அடுத்து இது ஏன் நடந்தது என்று விளங்கிக்கொள்வது, அதன் பிறகே சேர்வதா பிரிவதா என்று முடிவெடுப்பது. நம் ஊர்க் குடும்பங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றன. விஷயம் தெரிந்த மறுநாளே இரு வீட்டாரும் கூடி முடிவு கேட்கிறார்கள்.

உடல்நலம் பற்றிய பேச்சை வெட்கம் தள்ளிப்போடவைக்கிறது. அது ஆபத்து. அரசு மருத்துவமனைகளில் இயங்கும் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், முடிவு ரகசியமாகக் காக்கப்படும். தொற்று ஏற்பட்ட உடனே எடுக்கும் பரிசோதனையில் அது தெரியாமல் போகலாம் என்பதால், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். அதுவரை ஆணுறை இல்லாத உறவை மறுப்பது பழிவாங்கல் ஆகாது. தகவலுக்கு 1097 என்ற எண் உண்டு.

வேதாகமத்தில் இந்த விஷயத்துக்கு எடுத்துக்காட்டப்படும் இடங்கள் பல. பத்சேபாளின் விஷயத்தில் தாவீதை நாத்தான் தீர்க்கதரிசி நேருக்கு நேர் நின்று கண்டிக்கிறார். 51-ஆம் சங்கீதம் அந்த மனந்திரும்புதலோடு சேர்த்தே வாசிக்கப்படுகிறது. யோவான் 8-ஆம் அதிகாரத்தில் இயேசு, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைத் தண்டனைக்கு ஒப்புக்கொடுக்கவில்லை. ஆனால் இனிப் பாவம் செய்யாதிருக்கவும் சொல்லி அனுப்புகிறார். லூக்கா 17-இல் கண்டிப்பும் மனந்திரும்புதலும் மன்னிப்பும் அந்த வரிசையிலேயே வருகின்றன. பிரசங்கங்களில் அடிக்கடி கேட்பது என்னவோ ஓசியாவின் கதைதான். விட்டுப்போன மனைவி கோமேரை அவர் திரும்பச் சேர்த்துக்கொண்டதைச் சொல்லி, பாதிக்கப்பட்டவரிடம் அதே பொறுமை எதிர்பார்க்கப்படுகிறது. இஸ்ரவேல் மீது தேவன் கொண்ட அன்புக்கு அடையாளமாக நின்ற ஒரு தீர்க்கதரிசியின் வாழ்க்கையை எல்லார் வீட்டுக்கும் விதியாக்குவது சரியான வாசிப்பாகத் தோன்றவில்லை.

திருநெல்வேலிப் பக்கம் தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) ஆயரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் அழைப்பார்கள். குருமனையின் முன்னறையில் நடக்கும் பேச்சு பல ஊர்களில் ஒன்றுபோலவே இருக்கும். "பிள்ளைங்களுக்காகப் பொறுத்துப் போம்மா" என்பார் ஐயரம்மா. "சரிங்கம்மா" என்று மனைவி தலையசைப்பார். கணவர் ஜெபத்துக்குத் தலைகுனிவார். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த உறவு நின்றுவிட்டதா, வேலையிடம் மாறுமா, கைபேசியும் வங்கிக் கணக்கும் திறந்திருக்குமா, அடுத்த சந்திப்பு எப்போது என்ற கேள்விகளில் ஒன்றும் அங்கே கேட்கப்படுவதில்லை. மன்னிப்பு பற்றி விரிவாக ஆராய்ந்த கிறிஸ்தவ உளவியலாளர் எவரெட் வொர்திங்டன், பழிவாங்குவதில்லை என்று எடுக்கும் முடிவையும் உள்ளிருக்கும் கசப்பு கரைவதையும் தனித்தனியாகப் பிரிக்கிறார். முதலாவது ஒரு நாளில் நிகழக்கூடும். இரண்டாவதற்குக் காலம் பிடிக்கும். "மன்னிச்சாச்சே, அப்புறம் ஏன் பழசைக் கிளறுறே?" என்று கேட்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

துணையின் துரோகத்தை மன்னிப்பதற்கும் பிரிந்து வாழ்வதற்கும் கத்தோலிக்கத் திருச்சபையில் எழுதப்பட்ட விதியே உண்டு. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1152-ஆம் விதி, தவறிய துணையை மன்னிக்கும்படி வலியுறுத்துகிறது. மன்னிக்காதவருக்குப் பிரிந்து வாழும் உரிமையையும் தருகிறது. விஷயம் தெரிந்த பின்னும் திருச்சபை அதிகாரியிடமோ அரசு அதிகாரியிடமோ போகாமல் ஆறு மாதம் இல்லற வாழ்வைத் தொடர்ந்தால் மன்னித்ததாகவே ஊகிக்கப்படும். தாமாகப் பிரிந்தவர் ஆறு மாதத்துக்குள் திருச்சபை அதிகாரியிடம் வழக்கைக் கொண்டுசெல்ல வேண்டும். பாவசங்கீர்த்தனம் எனப்படும் ஒப்புரவு அருட்சாதனத்தில் சொன்னதைக் குரு யாரிடமும் வெளியிட முடியாது. ஆகவே பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டதால் துணையிடம் உண்மையைச் சொல்லிவிட்டதாக ஆகாது. திருமணத்துக்குப் பின் நடந்த துரோகம் மட்டும் அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கவும் செய்யாது. திருச்சபைத் தீர்ப்பாயம் செல்லாது என்று அறிவித்தாலும், அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மறுமணம் செய்தால் நாட்டின் சட்டம் ஏற்காது. 1996-இல் மாலி ஜோசப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

நாட்டின் சட்டம் நீண்ட காலம் ஒருதலையாகவே இருந்தது. மனைவியின் தகாத உறவு ஒன்றே கணவன் விவாகரத்துப் பெறப் போதுமானதாக இருந்தது. மனைவியோ அதோடு கொடுமை, கைவிடுதல் போன்ற இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. விவாகரத்துச் சட்டத்தின் 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் இருவரையும் ஒரே தட்டில் வைத்தது. 2018 செப்டம்பர் 27 அன்று ஜோசப் ஷைன் வழக்கில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததிலிருந்து தகாத உறவு குற்றமல்ல. துணையையோ மூன்றாம் நபரையோ சிறைக்கு அனுப்பப்போவதாக இன்றும் மிரட்டுகிறார்கள். அதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் விவாகரத்துக்கான காரணமாக அது நீடிக்கிறது. அந்தக் காரணத்தைச் சொல்லி மனுப்போட்டால் மூன்றாம் நபரையும் எதிர்த்தரப்பில் சேர்த்தாக வேண்டும் என்பது பொது விதி. பெயர் தெரியாதது, இறந்துவிட்டது போன்ற சில நிலைகளில் நீதிமன்றம் விலக்குத் தரும்.

ஆதாரம் திரட்டும் வேகத்தில் பலர் சிக்கலில் மாட்டுகிறார்கள். துணையோடு பேசியதைத் தெரியாமல் பதிவு செய்திருந்தாலும் குடும்ப வழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்காகப் பிறர் கணக்குக்குள் நுழைவதற்கோ அந்தரங்கப் படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கோ உரிமை வந்துவிடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் அவை குற்றம். துரோகத்தை நிரூபிப்பதற்காகக் குழந்தைக்கு மரபணுப் பரிசோதனை கேட்பதையும் சாதாரணமாக அனுமதிக்கக் கூடாது என்று 2023-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

கணவர் வேறு உறவில் இருக்கிறார் என்பதற்காக மனைவி வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதில்லை. சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையை 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தருகிறது. செலவுக்குப் பணம் தராமல் முடக்குவதும் அதன்படி வன்முறைதான். அடி, மிரட்டல், அல்லது நிற்காத துரோகம் உள்ள வீட்டில் சமரசப் பேச்சு முதல் வேலையாக இருக்க முடியாது. பாதுகாப்பே முதல் வேலை. பெண்கள் உதவி எண் 181. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100. மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருபவர்கள் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

வழக்குப் போட்டவுடன் உறவு முறிந்துவிடும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. ஆனால் குடும்ப நல நீதிமன்றம் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்பது 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் கட்டளை. தரப்பினர் கேட்டால் விசாரணையும் மூடிய அறையில்தான் நடக்கும். விவாகரத்தை மனச்சாட்சி ஏற்காதவர்களுக்கு விவாகரத்துச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு நீதிமுறைப் பிரிவினை என்ற வழியை வைத்திருக்கிறது. திருமணம் அப்படியே இருக்கும். சேர்ந்து வாழும் கடமை மட்டும் நிற்கும். அந்தக் காலத்தில் மனைவி தேடிக்கொள்ளும் சொத்து, மணமாகாதவரின் சொத்தைப் போல முழுக்க அவருடையது. பிற்பாடு கணவரோடு மறுபடி சேர்ந்து வாழ்ந்தாலும், தங்களுக்குள் வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, அது அவருடைய தனிச் சொத்தாகவே தொடரும் என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது.