பார்சலிலிருந்து மேசைக்கு: கடையநல்லூர்ப் பக்கத்துத் திருமண நாள் விருந்து

தமிழ்க் குடும்பங்களில் கணவன், மனைவி இருவரையும் ஒருசேர அமர்த்திக் கொண்டாடும் விழா என்றால் நெடுங்காலமாக அறுபதாம் அகவை நிறைவில் நடக்கும் மணிவிழாவும், எண்பதை ஒட்டி வரும் சதாபிஷேகமுமே நினைவுக்கு வரும். திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலில் மறுபடியும் மாலை மாற்றிக்கொள்ளும் முதிய இணையர்களை இன்றும் காணலாம். இவற்றோடு ஒப்பிட, மணமான தேதியை ஆண்டுதோறும் நினைவில் வைத்து, அன்று மாலை இருவருமாக வெளியே சென்று, விரும்பியதை உண்டு, இனிப்போடு வீடு திரும்பும் வழக்கம் மிக இளையது. நகரவாசிகளின் பழக்கமாக இருந்த இது, தென்காசி மாவட்டத்தின் கடையநல்லூர் போன்ற நடுத்தர ஊர்களிலும் இப்போது இயல்பாகிவருகிறது. செலவைப் பெருக்கும் நாகரிகம் என்று மூத்தோர் சிலர் இதைக் குறை கூறுவதுண்டு. ஆயினும் வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ணும் பெண், ஆண்டில் ஒரு நாளேனும் கணவனுக்கு எதிரே அமர்ந்து, பிறர் பரிமாற, அவனோடு ஒரே நேரத்தில் உண்கிறாள் என்பதை எண்ணிப் பார்த்தால், இதைச் சிறிய மாற்றம் என்று ஒதுக்கிவிட முடியாது.

முன்பு கடைச் சுவை வீட்டுப் பெண்ணை வந்தடைந்த வழி பார்சல் ஒன்றே. மாலையில் கணவன் கையில் அல்வாப் பொட்டலமும் மல்லிகைப்பூவுமாக வருவது அன்பின் அடையாளமாகத் தமிழ்த் திரைப்படங்களில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டிருக்கிறது. வாழையிலையிலும் செய்தித்தாளிலும் சுற்றிச் சணலால் கட்டிய பரோட்டாவும் அவ்வாறே வந்தது. உண்ட இடமும், உண்ணக் கிடைத்த சூடும் ஆணுக்கு உரியவையாக இருக்க, ஆறிய பங்கு வீட்டுக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் பெருகிய காப்பி கிளப்புகள், அதாவது காப்பியும் சிற்றுண்டியும் விற்ற கடைகள், பெரும்பாலும் ஆண்கள் கூடும் இடங்களாகவே இருந்தன. அவற்றுள் சில சாதிக்கு ஏற்ப இடம் பிரித்தும் வைத்திருந்தன. உணவகப் பெயர்ப் பலகையில் 'பிராமணாள்' என்ற சொல் இருந்ததை எதிர்த்து 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்பு பெரியார் நடத்திய கிளர்ச்சி, யார் எங்கே அமர்ந்து உண்ணலாம் என்பது எவ்வளவு பெரிய சமூகக் கேள்வியாக இருந்தது என்பதைக் காட்டும். சாதிப் பலகைகள் இறங்கிய பின்னரும் பெண்ணுக்கு உணவகத்தில் கிடைத்த இடம் பெரும்பாலும் 'ஃபேமிலி ரூம்' எனப்படும் தடுப்பறைதான். முன்புறம் திரை தொங்கும் அச்சிற்றறை அவளுக்குத் தனிமையைத் தந்தது, காற்றையும் வெளிச்சத்தையும் தரவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடிவாரத்தில், திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த கடையநல்லூர், நெசவும் நெல் வேளாண்மையும் நெடுங்காலம் தாங்கிய ஊர். 2019 நவம்பரில் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டம் செயல்படத் தொடங்கியபோது அதன் முக்கிய நகராட்சிகளுள் ஒன்றாயிற்று. தமிழ் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் இவ்வூர்க்காரர்கள் கடல் கடந்து பிழைக்கச் சென்ற வரலாறு பழையது. சிங்கப்பூரில் அவர்கள் 1941-இலேயே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் அமைப்பை நிறுவினர். உமறுப்புலவர் பெயரில் அங்கே தமிழ்ப் பள்ளி தோன்றக் காரணமானவர்களும் அவர்களே. அங்கு சென்ற பிற தமிழ் முஸ்லிம் ஆண்களுள் பலர் குடும்பத்தை ஊரிலேயே விட்டுத் தனியே வாழ்ந்த காலத்தில், கடையநல்லூரார் மனைவி மக்களோடு குடியேறியது குறிப்பிடத்தக்கது. பிற்காலத்து வளைகுடாப் பயணம் இதற்கு மாறாக அமைந்தது: கணவன் அங்கே, மனைவி இங்கே என்று ஆண்டுகள் கழியும் இல்லங்கள் பலவாயின. அத்தகைய இல்லங்களில் திருமண நாள் விருந்து நாட்காட்டிக்குக் கட்டுப்படுவதில்லை. கணவனுக்கு விடுமுறை கிடைக்கும் மாதமே திருமண மாதம், இருவரும் வெளியே போக வாய்க்கும் மாலையே திருமண நாள். பிரிந்திருந்தோர் சேர்ந்து உண்ணும் அவ்வுணவின் அருமை, ஆண்டு முழுதும் ஒரே வீட்டில் வாழ்வோர்க்கு எளிதில் விளங்காது.

இப்பகுதியில் இரவுணவு என்றால் முதலில் நிற்பது பரோட்டா. மாலை மயங்கும் வேளையில் கடை வாசலிலேயே பெரிய இரும்புக் கல் சூடேறத் தொடங்கிவிடும். மைதா மாவை உப்பும் எண்ணெயும் நீரும் விட்டு நெடுநேரம் பிசைந்து, ஈரத்துணி போர்த்தி ஊறவைத்து, உருண்டைகளாகக் கிள்ளி வைத்திருப்பார்கள். பரோட்டா மாஸ்டர் ஓர் உருண்டையைத் தட்டி, எண்ணெய் மினுக்கும் மேசையின்மேல் இருமுறை மும்முறை வீச, அது கண்ணாடிபோல் மெலிந்து விரியும். அதைக் கொசுவமாக மடித்து, நத்தைச் சுருளாகச் சுற்றி, மறுபடி தட்டிக் கல்லில் இடுவார். இருபுறமும் சிவந்த நான்கைந்தை அடுக்கி, சூடு பாராமல் இரு கைகளாலும் பக்கவாட்டில் அடிக்கும்போது உள்ளே மடிந்திருந்த அடுக்குகள் ஒவ்வொன்றாய் நெகிழ்ந்து பிரிகின்றன. இலையில் விழுந்ததைப் பிய்த்துப் போட்டு, தேங்காயும் சோம்பும் பட்டையும் அரைத்துவிட்ட நீர்த்த குழம்பாகிய சால்னாவை மேலே ஊற்ற, அந்த அடுக்குகளே அதை உறிஞ்சிக்கொள்கின்றன. அடுக்கு பிரியாத பரோட்டா சால்னாவில் ஊறாது. அதனால்தான் இங்குள்ளோர் ஒரு கடையின் தரத்தை அடிக்கும் கையை வைத்தே மதிப்பிடுகின்றனர்.

கொண்டாட்டத்துக்கென்று சற்றுத் தொலைவு செல்ல விரும்புவோர் தென்காசியைத் தாண்டிக் குற்றாலத்துக்கும், செங்கோட்டைச் சாலையிலுள்ள பிரானூருக்கும் போகின்றனர். செங்கோட்டை வட்டாரம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்ததால் எல்லை அப்போது பிரானூரை ஒட்டி ஓடியது. எல்லை மேற்கே மலைப்பக்கம் நகர்ந்துவிட்ட பின்னும் அங்குள்ள உணவுக்கு 'பார்டர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. உள்ளங்கை அளவுச் சிறு பரோட்டாக்களும், நாட்டுக்கோழியும், காடையும், மிளகு தூக்கலான கோழி வறுவலும் அங்கே பெயர் பெற்றவை. ஆனி, ஆடியில் சாரல் விழும் குற்றாலப் பருவத்தில் திருமண நாள் வரப்பெற்றோர், நனைந்த தலையோடு அந்தக் காரத்தை உண்பதைப் பெரும்பேறாகவே கருதுகின்றனர்.

இனிப்புக்கு வந்தால், இந்த ஊரார் பெருமை கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. கடையநல்லூருக்கு வடக்கே, அதே நெடுஞ்சாலையில் உள்ள சொக்கம்பட்டி ஒரு காலத்தில் ஜமீன். அந்த ஜமீன்தார் வடநாட்டு யாத்திரையில் சுவைத்த அல்வாவில் மனம் பறிகொடுத்து, அதைச் செய்யும் ராஜபுத்திரக் குடும்பத்தாரைத் தம்மோடு அழைத்துவந்தார் என்றும், அவர்கள் வழியே அது திருநெல்வேலிக்குப் பரவியது என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. நெல்லையப்பர் கோயில் எதிரே மாலையில் மட்டும் விற்கும் இருட்டுக்கடையைத் தொடங்கியவர்களும் ராஜபுத்திர வழியினரே. சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்து, பிழிந்த பாலைத் தெளியவைத்து, மேல்நீரை வடித்து, சர்க்கரையோடு அடுப்பேற்றி, நெய்யைச் சிறிது சிறிதாக விட்டு மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். கலவை பாத்திரத்தில் ஒட்டாமல் திரண்டு, குடித்த நெய்யைத் திரும்பக் கக்கும்போது அது பதம். சூடாக வாங்கிய ஐம்பது கிராம் அல்வா, விரலில் நிற்காமல் தொண்டையில் வழுக்கிச் செல்லும். தாமிரபரணித் தண்ணீரே அச்சுவைக்குக் காரணம் என்பது நெல்லைச் சீமையின் அசையாத நம்பிக்கை.

புதிய கடைகளில் இளம் இணையர்கள் கேட்பவை வேறு. சேமியா, சப்ஜா விதை, ரோஜாப் பாகு, பால், ஐஸ்கிரீம் ஆகியவற்றை உயரமான கண்ணாடிக் குவளையில் அடுக்கித் தரும் ஃபலூடா பாரசீகத்திலிருந்து வந்தது. பாதாம் பிசினும் நன்னாரியும் சுண்டிய பாலும் சேர்ந்த ஜிகர்தண்டா மதுரையிலிருந்து வந்தது. ஏமனின் ஹள்ரமௌத் பகுதியில் பிறந்த, சோற்றின்மேல் இறைச்சியை வைத்து ஒரே தட்டில் பலர் பகிர்ந்துண்ணும் மந்தி, வளைகுடா வாழ்வின் வழியாகத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கும் பழக்கமாகிவிட்டது. இவற்றை வரவேற்பதில் தவறில்லை. ஆனால் தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து ஆவியில் வேகவைக்கும் வட்டலப்பம், தமிழ் முஸ்லிம் வீடுகளில் பெருநாளுக்கும் மணவிருந்துக்கும் மணக்கும் அந்த இனிப்பு, கடைப் பட்டியலில் அரிதாகவே தென்படுவது வருத்தத்துக்குரியது; திருமண நாளுக்கு அதைவிடப் பொருத்தமான இனிப்பைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

இவ்வழக்கம் நிலைத்து வளர்வது இணையரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. சாலையோரப் பரோட்டாக் கடைகள் பலவற்றில் இன்றும் பெண்கள் தயக்கமின்றி அமர இடமில்லை. கைகழுவும் இடம் சமையற்கட்டின் புகைக்குள் இருக்கிறது. தூய்மையான கழிப்பறை பெரும்பாலும் கிடையாது. ஆகவே பெண்கள் பார்சலையே நாடுகின்றனர், கடைக்காரர்களும் பெண்கள் வருவதில்லை என்று எண்ணி எதையும் மாற்றாதிருக்கின்றனர். தென்காசி வட்டார உணவகத்தார் திரைபோட்ட தடுப்பறைக்கு மாறாகக் காற்றும் வெளிச்சமும் உள்ள சில மேசைகளையும், பெண்களுக்கென ஒரு நல்ல கழிப்பறையையும் அமைத்துத் தர வேண்டும். அடுத்த திருமண நாளுக்கு வாங்கப்போகும் பார்சலை விட்டுவிட்டு, கணவன்மார் மனைவியரை அந்த மேசைக்கே அழைத்துச் செல்ல வேண்டும்.