மலைப்பயணமும் மாத்திரைப் பெட்டியும்

கோடை விடுமுறையில் நோயாளியையும் உடன் அழைத்துச் செல்ல விரும்பும் குடும்பங்களுக்கு

சித்திரை பிறந்தவுடன் வேலம்பாளையம், அனுப்பர்பாளையம் வட்டாரத்தில் பேச்சு மலையை நோக்கித் திரும்பிவிடுகிறது. பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்துவிடுகிறது. தையல் இயந்திரங்களின் வெப்பமும் கூரையிலிருந்து இறங்கும் வெயிலும் சேர்ந்து பனியன் கம்பெனிகளில் பகற்பொழுதைக் கடினமாக்குகின்றன. அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையத்தை அடைந்துவிட்டால் அதற்கு மேல் குளிர்ச்சிதான். இவ்வளவு அருகில் மலை வாய்த்திருப்பது இவ்வூர் மக்களுக்குக் கிடைத்த பேறு.

ஆனால் நோயாளி ஒருவர் இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு எளிதாக முடிவதில்லை. சில வீடுகளில் பயணமே கைவிடப்படுகிறது. சில வீடுகளில் முதியவரை உறவினர் பொறுப்பில் விட்டுவிட்டு மற்றவர்கள் புறப்படுகிறார்கள். வேறு சில வீடுகளில் எவ்வித முன்னேற்பாடும் இன்றி அவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்கிறார்கள். "அப்பாவை அழைத்துப் போகலாமா?" என்று கோடைதோறும் எங்களிடம் கேட்பவர்களுக்கு நாங்கள் கூறும் விடை பெரும்பாலும் "போகலாம், ஆனால் திட்டமிட்டுப் போங்கள்" என்பதே. அந்தத் திட்டம் எப்படி அமைய வேண்டும் என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

மலையில் உடலுக்கு என்ன நேர்கிறது?

திருப்பூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் நம் ஊரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளியும் அந்த அளவுக்குக் குறைகிறது. நலமான உடல் சற்று வேகமாக மூச்சுவிட்டும் இதயத்தைச் சற்று விரைவாக இயக்கியும் இக்குறையை ஈடுசெய்துகொள்ளும். உயர்மலை நோய் எனப்படுவது பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொல்லை தருகிறது. எனவே நலமானவர்கள் உதகைக்கோ கொடைக்கானலுக்கோ செல்ல அஞ்ச வேண்டியதில்லை. இதயமும் நுரையீரலும் ஏற்கெனவே தம் முழு ஆற்றலையும் செலவிட்டுக்கொண்டிருக்கும் நோயாளிக்குத்தான் இந்த ஐந்தில் ஒரு பங்கு பெரிய இழப்பு.

இரண்டாவது மாற்றம் குளிர். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏற்றத்திற்கும் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறைகிறது. இங்கே பிற்பகலில் 37, 38 டிகிரி வெயிலில் இருந்தவர் அன்று இரவே உதகையில் 12 டிகிரிக்கு அருகிலான குளிரில் படுக்க நேரிடும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன; இரத்த அழுத்தம் உயர்கிறது. குளிர்காற்று மூச்சுக் குழாய்களையும் இறுக்கி ஆஸ்துமாவைத் தூண்டக்கூடும்.

மலைக்காற்று நோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை பழையது. 1819இல் நீலகிரிக்குச் சென்ற கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், நோயுற்ற படைவீரர்கள் தேறி வருவதற்கேற்ற இடம் என்று அம்மலையைப் பரிந்துரைத்தார். சமவெளியின் வெப்பத்திலும் காய்ச்சலிலும் வாடியவர்களுக்கு அந்த ஓய்வு நன்மை செய்திருக்கும். இன்று நம்மிடம் வரும் இதய நோயாளிக்கும் மூச்சுத்திணறல் உள்ளவருக்கும் அதே கணக்குப் பொருந்தாது. மலை மனத்திற்கு மருந்தாகலாம். கையில் உள்ள மாத்திரைக்கு மாற்றாகாது.

முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டியவர்கள்

அண்மையில் மாரடைப்பு, பக்கவாதம், இதய அறுவை அல்லது ஸ்டென்ட் சிகிச்சைக்கு உள்ளானவர்கள், நடந்தாலே நெஞ்சு வலிப்பவர்கள், கால் வீக்கத்துடன் இதயம் பலவீனமானவர்கள், வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொள்பவர்கள், கடும் இரத்தச்சோகை உள்ளவர்கள், கட்டுப்பாட்டுக்குள் வராத வலிப்பு நோயாளிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் அறை பதிவு செய்யும் முன்பே தம் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

இப்பட்டியலில் மேலும் ஒருவரைச் சேர்க்க விரும்புகிறோம். நூற்பாலைகளில் பல ஆண்டுகள் பஞ்சுத் தூசியில் உழைத்தவர்களில் சிலருக்கு நுரையீரல் பாதிப்பு கண்டறியப்படாமலே இருக்கும். "வயதாகிவிட்டது, மூச்சு வாங்குகிறது" என்று அவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். இரண்டு மாடிப் படிகளை நிற்காமல் ஏற முடியாதவர், மலைக்குப் புறப்படும் முன் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

டயாலிசிஸ் செய்துகொள்பவர், சிகிச்சைக்கு மறுநாள் புறப்பட்டு அடுத்த சிகிச்சைக்கு முன் திரும்பும் வகையில் நாள் குறிக்க வேண்டும். "ஒரு முறை விட்டால் என்ன" என்ற எண்ணம் உயிருக்கே ஊறு செய்யும்.

எந்த மலை?

இடத்தைத் தேர்வு செய்வதில்தான் திட்டத்தின் பாதி வெற்றி இருக்கிறது. நோயாளிக்கு மூச்சு இளைப்பு உண்டு என்றால் உயரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வால்பாறை ஏறத்தாழ 3,500 அடி உயரமே. ஆனால் ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். ஏற்காடு அதைவிட உயரம், வளைவுகள் 20. குன்னூரும் கோத்தகிரியும் உதகையைவிட ஏறத்தாழ 400 மீட்டர் தாழ்ந்தவை. குளிரும் சற்றுக் குறைவு. உதகையில் அறை எடுப்பதற்குப் பதில் இவ்விரண்டில் ஒன்றில் தங்கிவிட்டு, உதகைக்குப் பகலில் மட்டும் சென்று வரலாம்.

மேலே ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டால் பயணமே இல்லை என்று பொருளன்று. உடுமலைப்பேட்டையை அடுத்த திருமூர்த்தி மலையும் பொள்ளாச்சிக்கு அப்பால் உள்ள ஆழியாறும் மலையடிவாரத்திலேயே இருக்கின்றன. அணையின் காற்றும் மரநிழலும் மலைத்தொடரின் காட்சியும் அங்கே உண்டு. காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பிவிடலாம். பஞ்சலிங்க அருவிக்கான ஏற்றத்தை இளையவர்களுக்கு விட்டுவிட்டு, முதியவர் அமணலிங்கேசுவரர் கோயிலிலேயே அமர்ந்திருக்கலாம்.

வளைவுகளும் வாந்தியும்

வளைவில் வண்டி திரும்பும்போது, உடல் அசைகிறது என்று உட்காது மூளைக்குச் சொல்கிறது. வண்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் கண், அசையவில்லை என்று சொல்கிறது. இந்த முரண்பாடே தலைசுற்றலாகவும் வாந்தியாகவும் வெளிப்படுகிறது. ஆகவே எளிதில் வாந்தி வருபவரை முன் இருக்கையில் அமர்த்தி, தொலைவில் தெரியும் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசி பார்ப்பதைத் தவிர்க்கட்டும். வயிறு முட்ட உண்பதும் வெறும் வயிற்றுடன் இருப்பதும் ஒருசேரத் தீங்கானவை. இரண்டு இட்லி போதும்.

வாந்தித் தடுப்பு மாத்திரையை மலையேறத் தொடங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்கு முன் விழுங்க வேண்டும். வாந்தி தொடங்கிய பின் விழுங்கிப் பயனில்லை. இம்மாத்திரைகள் உறக்கத்தைத் தரும் என்பதால் ஓட்டுநர் இவற்றைத் தொடவே கூடாது. புராஸ்டேட் வீக்கமோ கண்ணழுத்த நோயோ உள்ள முதியவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் தர வேண்டாம்.

மருந்துகளை எப்படி எடுத்துச் செல்வது?

மருந்துப் பை நோயாளியின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பெட்டிகளோடு சேர்த்துக் கூரைமேல் கட்டப்பட்ட இன்ஹேலரால், பர்லியாறு வளைவில் மூச்சு முட்டும்போது எந்தப் பயனும் இல்லை. நாக்கின் அடியில் வைக்கும் இதய மாத்திரைக்கும் இது பொருந்தும். தங்கும் நாள்களைவிட மூன்று நாள்களுக்குக் கூடுதலாக மருந்து வைத்துக்கொள்ளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை பெறுவோர், இருப்பு போதுமா என்று புறப்படும் வாரத்திற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்சுலின் இரு பகைவர்களுக்கு இடையே பயணம் செய்கிறது: வெப்பமும் உறைபனியும். வெயிலில் நிறுத்தி மூடிய காருக்குள் சில மணி நேரத்திலேயே அது கெட்டுவிடக்கூடும்; ஐஸ் கட்டியின்மேல் நேராக வைத்தால் உறைந்து பயனற்றுப் போகும். துணி சுற்றிய குளிர்பையில் வைத்து, வண்டியை நிறுத்தும்போதெல்லாம் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான இன்சுலின் வகைகளை மலையின் அறை வெப்பநிலையில் வெளியிலேயே வைத்திருக்கலாம்.

சர்க்கரை நோயாளிக்கு நேரும் ஆபத்து பெரும்பாலும் நேரக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்படும் அவசரத்தில் மாத்திரையை விழுங்கிவிடுவார். சிற்றுண்டியோ வாகன நெரிசலால் பத்து மணிக்குத்தான் கிடைக்கும். இடைப்பட்ட நேரத்தில் வியர்வையும் நடுக்கமும் படபடப்பும் வந்துவிடும். உணவு கைக்கு வந்த பின்பே மாத்திரையோ ஊசியோ என்பதை விதியாகக் கொள்ளுங்கள். சர்க்கரை தாழ்ந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

வழியில் கழிவறை கிடைக்காது என்று அஞ்சி, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் உண்டு. தண்ணீரே குடிக்காமல் வரும் பெண்களும் உண்டு. முன்னது மலையிலேயே மூச்சுத்திணறலை வரவழைக்கக்கூடும். பின்னது சிறுநீர்த் தொற்றுக்கு வழி வகுக்கும். மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அன்னூரிலும் மேட்டுப்பாளையத்திலும் கட்டாயம் நிறுத்துவது என்று ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த நிறுத்தங்களில் அனைவரும் இறங்கிச் சற்று நடந்தால் கால்களில் இரத்தம் தேங்காமல் இருக்கும்.

நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டில் குடிநீருக்குத் தடை உள்ளது. மாத்திரை விழுங்க வெந்நீர் நிரப்பிய எவர்சில்வர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள். உதகை வர்க்கியும் சாக்லேட்டும் சர்க்கரை நோயாளிக்கு ஒரு துண்டோடு நிற்கட்டும். சிறுநீரக நோயாளிகள் வழியில் விற்கும் பழங்களைத் தமக்கு விதிக்கப்பட்ட அளவுக்கு மேல் உண்ணலாகாது. பழங்களில் உள்ள பொட்டாசியம் அவர்களின் இதயத்தைத் தாக்கக்கூடும்.

ஓட்டுநரும் ஒரு பயணியே

சனிக்கிழமை மாலை வரை வேலை செய்து, சம்பளம் வாங்கிக்கொண்டு, நள்ளிரவில் வண்டியை எடுக்கும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. நாள் முழுவதும் உழைத்த உடல் விடியற்காலையில் தன்னை அறியாமல் கண் அயரும். கல்லாறு தாண்டியதும் தொடங்கும் வளைவுகளில் அந்த ஒரு நொடி போதும், ஒரு குடும்பத்தை இழப்பதற்கு. இரவு உறங்கி எழுந்து, வெளிச்சம் வந்தபின் மலையேறுங்கள். அப்பகுதியில் யானைகள் சாலையைக் கடப்பதும் உண்டு.

இறங்கும்போது பிரேக்கை மட்டுமே நம்பினால் அது சூடேறிச் செயலிழக்கும். ஏறுவதற்குப் பயன்படும் தாழ்ந்த கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் உருட்டவே கூடாது. ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும்.

அனுமதியும் அவசர உதவியும்

சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பும் விதிக்கப்பட்டது. ஆகவே நாளை முடிவு செய்தவுடன் இணையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். நோயாளியுடன் செல்வோர் மலர்க் கண்காட்சி நாள்களையும் வார இறுதியையும் தவிர்ப்பதே நலம். நெரிசலில் அவசர ஊர்தியும் நிற்க வேண்டியிருக்கும்.

நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் "எப்படியாவது திருப்பூருக்கே திரும்பிவிடலாம்" என்று எண்ணாதீர்கள். 108ஐ அழையுங்கள். மேட்டுப்பாளையம் அரசு மருத்துவமனை, குன்னூர் அரசு லாலி மருத்துவமனை, உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றுள் அருகில் உள்ளதற்கு முதலில் செல்லுங்கள். முதல் ஒரு மணி நேரம் விலைமதிப்பற்றது.

குரங்குகளுக்குத் தீனி கொடுக்க வேண்டாம். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்கென்று 1907இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் அமைந்திருப்பது அதே குன்னூரில்தான்.

கவனித்துக்கொள்பவருக்கு ஒரு சொல்

மாத்திரை நேரம், பத்தியச் சமையல், இரவு விழிப்பு என்று ஆண்டு முழுவதும் ஒருவரே சுமக்கும் வீடுகளை நாங்கள் அறிவோம். பயணத்திலும் அச்சுமை அவர் ஒருவர் மேலேயே விழுந்தால், ஊர் மாறியதே தவிர அவருக்கு ஓய்வு கிடைக்கவில்லை. மருந்துப் பொறுப்பைப் பகலில் மகனும் இரவில் மகளும் ஏற்றுக்கொள்ளட்டும். நோயாளியையும் கலந்து பேசுங்கள். "நான் வரவில்லை" என்று அவர் சொல்வது விருப்பமின்மையாகவும் இருக்கலாம். பிறருக்குப் பாரமாகிவிடுவோம் என்ற அச்சமாகவும் இருக்கலாம். எது என்று கேட்டறிந்த பின் முடிவு செய்யுங்கள். அவர் வீட்டிலேயே இருப்பது என்று முடிவானால், அவருடைய மருந்துகளையும் உணவையும் அறிந்த ஒருவரை உடன் வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

புறப்படும் முன் சரிபார்க்க:

- மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சுருக்கம், அண்மைய ஈசிஜி ஆகியவற்றின் படங்கள் இருவரின் கைப்பேசியில்
- முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அல்லது இ.எஸ்.ஐ. அட்டை, ஆதார்
- கூடுதலாக மூன்று நாள் மருந்து, கைக்கெட்டும் பையில்
- சர்க்கரை அளக்கும் கருவி, குளுக்கோஸ், பிஸ்கட்
- கம்பளி, குல்லா, காலுறை. குளிரைத் தாங்கும் போர்வை
- வெந்நீர் பாட்டில், வாந்திக்கான பைகள்
- இ-பாஸ், வாகன ஆவணங்கள்
- தரைத்தளத்தில் அறை; படியேற வேண்டாத கழிவறை

சந்தேகம் இருப்பின், பயணத்திற்கு இரண்டு வாரம் முன்பாகவே வழக்கமான பரிசோதனை நாளில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். எங்கே, எத்தனை நாள், எந்த வண்டியில் என்ற மூன்று விவரங்களையும் சொன்னால், மருந்து நேரங்களைப் பயணத்திற்கேற்ப எழுதித் தருவார்.