நல்ல வினாடி வினா எப்படி அமைகிறது?

நம் விழாக்களில் பட்டிமன்றத்துக்கு இடம் கிடைக்காமல் நிற்கிறார்கள். வினாடி வினா என்று அறிவித்தால் பெரியவர்கள் காபிக்கு எழுந்து போகிறார்கள். கொல்கத்தாவில் வாழும் நமக்கு இது சற்றே கூச்சம் தரவேண்டிய விஷயம். இந்தியாவின் முதல் பொது வினாடி வினா என்று கருதப்படும் போட்டியை நீல் ஓ'பிரையன் 1967ல் நடத்தியது இந்த ஊரில்தானே! கிறைஸ்ட் தி கிங் தேவாலய மண்டபத்தில் தொடங்கிய அந்த விளையாட்டு நாடெங்கும் பரவியது. நம் அரங்கில் மட்டும் ஏன் எடுபடவில்லை?

கோளாறு பெரும்பாலும் கேள்வியில்தான். "ஹௌரா பாலம் எந்த ஆண்டு திறக்கப்பட்டது?" என்று கேட்டால், தெரிந்தவர் 1943 என்பார், தெரியாதவர் முழிப்பார். யோசிக்க அதில் ஒன்றுமில்லை. விடையைக் கேட்டதும் சபை "அப்படியா?" என்று சொல்லிவிட்டு மறந்துவிடும்.

இதையே வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள்: "நாம் ஜன்னல், அலமாரி, சாவி என்கிறோம். வங்காளிகள் ஜானாலா, ஆல்மாரி, சாபி என்கிறார்கள். இரண்டும் வேறு வேறு மொழிக்குடும்பங்கள். பின் இந்தச் சொற்களை இரு வீட்டுக்கும் கொண்டுவந்தவர் யார்?"

விடை போர்ச்சுகீசியர். இதை மனப்பாடம் செய்திருக்க வேண்டியதில்லை. பாட்டிக்குத் தமிழ்ச் சொல் தெரியும். பேரனுக்குத் தெருவில் கேட்ட வங்காளிச் சொல் தெரியும். கடல்வழி வந்தவர்கள் கோவாவில் இருந்தார்கள், 1632ல் மொகலாயர் படை விரட்டும்வரை நம் பக்கத்து ஹூக்ளியிலும் இருந்தார்கள் என்பது அப்பாவுக்கு நினைவு வரும். மூன்று பேரும் குசுகுசுவென்று பேசினால் விடை கிடைத்துவிடும். கிடைக்காவிட்டாலும், விடையைச் சொன்னதும் "அட, ஆமாம்ல!" என்று அரங்கமே சிரிக்கும். நல்ல கேள்விக்கு அதுதான் அடையாளம்: விடை தெரியாதவருக்கும் அதைத் தேட வழி விட்டிருக்க வேண்டும்.

அடுத்தது முறை. முதல் கேள்வி முதல் அணிக்கு, இரண்டாவது இரண்டாம் அணிக்கு என்று கேட்டுப்போவது பழைய வழக்கம். இதில் சுமாரான அணிக்கு அடுத்து உட்கார்ந்தவர்களுக்கு யோகம். தங்கள் கேள்வியோடு பக்கத்து அணி கைவிட்டதும் வந்து விழும். அதனால் இப்போது பல போட்டிகளில், ஒரு கேள்விக்கு எந்த அணி விடை சொன்னதோ, அதற்கு அடுத்த அணியிலிருந்து மறு கேள்வியைத் தொடங்குகிறார்கள். பாதியில் வரிசையை எதிர்ப்பக்கமாகத் திருப்பியும் விடுகிறார்கள். மேடைக்கு ஆறு அணிகள் போதும். எழுத்துச் சுற்று வைத்து அவற்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

சில்லறை விஷயங்களும் உண்டு. ஒவ்வொரு விடையையும் இரண்டு இடத்தில் சரிபார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தப்பான விடை போதும், சண்டையில் முடிய. கேள்வியை நிதானமாக இரண்டு தடவை படிக்க வேண்டும். யாருக்கும் தெரியாததைச் சபைக்கு விட வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும்.

நம்மைப் போன்ற சங்கங்களுக்கு இன்னொன்றும் முக்கியம். இங்கே பிறந்த நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பட்டிமன்றத்தில் அவர்களுக்கு வேலையில்லை. தாத்தா பாட்டிக்கு ஆங்கில வினாடி வினாவில் வேலையில்லை. ஆகவே அணிக்கு மூன்று பேர், மூன்று தலைமுறை என்று விதி வைப்போம். கேள்வியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் படிப்போம். ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு விடை கிடைக்காதபடி கேள்விகளை அமைப்போம். பிள்ளை பாட்டியிடம் திரும்பி, "இதுக்குத் தமிழ்ல என்ன சொல்வீங்க?" என்று தானாகக் கேட்க இதைவிட நல்ல வழி ஏது? வரும் பொங்கல் விழாவில் செய்து பார்க்கலாமே.