கிட் கிளைகள் படமாவது எப்படி?

காளஹஸ்தி கலம்காரியில் இரும்பும் வெல்லமும் ஊறிய கரைசலால் கோடு இழுத்தால், துணியில் ஏறியிருக்கும் கடுக்காய்த் துவர்ப்போடு அது வினைபுரிந்து அழியாத கறுப்பாகிவிடும். மென்பொருள் எழுதுபவரால் மட்டும் பழைய நிலைக்குத் திரும்ப முடிகிறதே, ஏன்?

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்ற மென்பொருள், நாம் பதியும் ஒவ்வொரு நிலையையும் களஞ்சியம் எனும் சேமிப்பிடத்தில் காத்து வைக்கிறது. கமிட் எனப்படும் அந்தப் பதிவு ஒவ்வொன்றுக்கும் வழக்கமாக 40 இலக்க அடையாளம் உண்டு. கமிட்டுக்குள் அதற்கு முந்தைய கமிட்டின் அடையாளமும் இருக்கும். பிரிந்து வளர்ந்த இரு கமிட் வரிசைகளை, அதாவது கிளைகளை, இணைத்தால், புதிய கமிட்டில் இரண்டு முந்தைய அடையாளங்கள் பதிவாகும். இந்தத் தொடர்பைப் புள்ளியும் கோடுமாக வரைந்து காட்டுவதே வரைகலைக் கருவிகளின் வேலை.

எதைத் தேர்ந்தெடுப்பது? கிட்டோடு சேர்ந்தே வரும் கிட்கே, வரலாற்றைப் பார்க்கப் போதும். கிட்ஹப் டெஸ்க்டாப் எளிமையானது, புதியவர்களுக்கு ஏற்றது. சோர்ஸ்ட்ரீ கிளைகளை விரிவாகக் காட்டும்; ஆனால் லினக்ஸில் இல்லை. டார்ட்டாய்ஸ்கிட் விண்டோஸில் மட்டும், கோப்புறையில் வலது கிளிக் செய்தாலே திறக்கும். கிட்கிராக்கன் லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் ஓடும்; ஆனால் அதில் தனிப்பட்ட களஞ்சியங்களுக்குக் கட்டணம் உண்டு.

ஒரே வரியை இருவர் இருவிதமாக மாற்றினால், எது சரி என்று எந்தக் கருவியும் தானாக அறியாது. இரண்டையும் காட்டும், முடிவு நம்முடையது.

எந்தக் கருவியானாலும் அடியில் இருப்பது ஒரே களஞ்சியம்தான். ஆகவே, பொறியியல் மாணவர்களே, தயங்காமல் மாற்றிப் பாருங்கள். ஆனால் அடிக்கடி கமிட் செய்யுங்கள்: பதியாத வேலையைக் கிட்டால் பெரும்பாலும் மீட்க முடியாது.