கேள்வியோடு கொழும்புக்கு

கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ள எத்தாளையிலிருந்து கொழும்பு 150 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. அங்கிருந்து கல்விச் சுற்றுலா என்றால் விடியுமுன்பே பஸ் புறப்பட வேண்டும். இப்படிப்பட்ட பயணங்களின் பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: தெகிவளை மிருகக்காட்சிச்சாலை, நூதனசாலை, கோள்மண்டலம், காலிமுகத்திடல், நேரமிருந்தால் விமான நிலையம். மற்ற இடங்கள் போக மிஞ்சிய நேரமே விஞ்ஞானத்துக்குக் கிடைக்கிறது. இந்தப் பட்டியலில் பாதியை வெட்டிவிட்டு, இயற்கை வரலாற்று நூதனசாலைக்கும் கோள்மண்டலத்துக்கும் முழுப் பகலையும் கொடுப்பதே நல்லது. அதோடு, பிள்ளைகள் தங்கள் கடற்கரையிலிருந்தே சில கேள்விகளை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

நூதனசாலை ஆளைக் களைப்படையச் செய்யும் என்பது பழைய கண்டுபிடிப்பு. பொஸ்டன் கலை நூதனசாலையைச் சேர்ந்த பெஞ்சமின் கில்மன், காட்சிப் பெட்டிகளைப் பார்ப்பதற்காக ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்று படம்பிடித்து, இந்தக் களைப்பைப் பற்றி 1916 இல் எழுதினார். பட்டியலை வெட்டுவதற்கு அடுத்த காரணம் இடத்தின் புதுமை. அறிமுகமில்லாத இடத்துக்குக் கூட்டிச் செல்லப்பட்ட பிள்ளைகளின் கவனம் அந்த இடத்திலேயே போய்விடுகிறது, பாடம் குறைவாகவே பதிகிறது என்று ஜோன் போக்கும் அவருடைய குழுவினரும் 1978 இல் காட்டினார்கள். பின்னர் வொஷிங்டன் மிருகக்காட்சிச்சாலையில் நடந்த ஆய்வில் ஒரு சுவையான விடயம் தெரியவந்தது. எதைப் பார்ப்போம், எங்கே சாப்பிடுவோம், எங்கே கடை இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள் கூடுதலாகக் கற்றுக்கொண்டார்கள். மலசலகூடம் எங்கே என்று தெரியாத பிள்ளைக்குப் பரிணாமம் எப்படி ஏறும்? ஒரே நாளில் ஐந்து புதிய இடங்களைக் காட்டுவது, ஐந்து தடவை அந்தப் பிள்ளையைத் திகைக்க வைப்பதுதான்.

கொழும்பு தேசிய நூதனசாலை 1877 இல் திறக்கப்பட்டது. அதன் பக்கத்தில் இயற்கை வரலாற்றுக்கென்று தனி நூதனசாலை 1986 இல் வந்தது. அங்கே ஒரு திமிங்கில எலும்புக்கூடு இருக்கிறது. அதன் முன்னால் நிற்கும்போது, கொழும்பு நகரப் பிள்ளையைவிட எத்தாளை மீனவர் வீட்டுப் பிள்ளைக்கே வசதி அதிகம். அறக்குளாவையும் பாரையையும் வெட்டுவதைப் பார்த்து வளர்ந்த கண் அது. மீனின் செட்டையில் இருப்பது மெல்லிய முள்வரிசை. திமிங்கிலத்தின் பக்கத்துடுப்பிலோ குட்டையான மேற்கை எலும்பு ஒன்று, அதன் கீழ் முன்கை எலும்புகள் இரண்டு, பிறகு மணிக்கட்டு, அதற்கப்பால் விரல் எலும்புகள் வரிசையாக வருகின்றன. துடுப்புக்குள் ஒரு கையே இருக்கிறது. மீனின் வால் நிமிர்ந்து நின்று பக்கவாட்டில் அசையும். திமிங்கிலத்தின் வால் கிடையாகக் கிடந்து மேலும் கீழும் அடிக்கும். கற்பிட்டிக் கடலில் டொல்பின் பார்த்த எவருக்கும் அந்த அடி தெரியும். இரண்டும் கடலில்தான் வாழ்கின்றன, பிறகு ஏன் இந்த வித்தியாசம்? தரையில் நடந்த பாலூட்டிகளின் வழிவந்தவை திமிங்கிலங்கள் என்ற விடைக்கு அங்கிருந்தே வழி திறக்கிறது.

கோள்மண்டலத்துக்கும் ஊரிலேயே கேள்விகள் இருக்கின்றன. 1965 கைத்தொழில் கண்காட்சியையொட்டி, பொறியியலாளர் குலசிங்கவின் வடிவமைப்பில் தாமரை உருவில் எழுந்த கட்டடம் அது. அங்கே கேட்க ஊர்க் கடலிலிருந்தே ஒரு கேள்வி: பூரணையன்று கடல் ஏறுவதை ஒத்துக்கொள்ளலாம், நிலவே தெரியாத அமாவாசையன்றும் ஏன் ஏறுகிறது? சூரியனும் சந்திரனும் அப்போதும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால்தான். துருவ நட்சத்திரம் எத்தாளையில் ஏன் அவ்வளவு தாழ்வாக இருக்கிறது? ஊர் எத்தனை பாகை வடக்கில் உள்ளதோ, அந்த நட்சத்திரமும் ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில்தான் தெரியும். எத்தாளைக்கு அது எட்டுப் பாகையளவு. கையை நீட்டிப் பிடித்த முஷ்டியின் அகலம் கூட இல்லை.

வாழ்நாளில் ஒரு தடவை கொழும்பு பார்க்கும் பிள்ளைக்கு எல்லாவற்றையும் காட்டினால் என்ன என்று பெற்றோர் கேட்பார்கள். பணம் கட்டுபவர்கள் அவர்கள், அந்த ஏக்கம் நியாயமானது. காலிமுகத்திடலை விட்டுவிடத் தேவையில்லை, மாலையில் ஒரு மணி நேரம் அங்கே போகட்டும். ஆனால் ஒரு தடவைதான் என்பதாலேயே வேகமாக ஓடக் கூடாது. இதையெல்லாம் போனிலேயே பார்க்கலாமே என்பவர்களுக்கு: போனில் திமிங்கிலம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், அதன் பருமன்தான் அங்கே தொலைந்துபோகிறது. கேள்வி கொடுத்தால் வியப்புப் போய்விடும், அதுவும் ஒரு பரீட்சையாகிவிடும் என்ற மறுப்புத்தான் வலுவானது. பெயர்ப்பலகையைப் பார்த்து நிரப்பும் வினாத்தாளைக் கையில் கொடுத்தால் அப்படித்தான் நடக்கும். பிள்ளை பலகையை வாசிக்கும், எலும்பை நிமிர்ந்து பார்க்காது. ஆகவே விடை பலகையில் எழுதியிருக்காத கேள்வியாக இரண்டோ மூன்றோ போதும். மற்ற நேரத்தில் அவர்கள் இஷ்டப்படி சுற்றட்டும்.

பிள்ளைகளை இவ்வளவு தூரம் அலைக்கழிப்பதற்குப் பதில் விஞ்ஞானம் ஊருக்கு வரக் கூடாதா? வரலாம். கொல்கத்தாவின் பிர்லா நூதனசாலை 1965 இலேயே காட்சிப்பொருள்களை வண்டியில் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது. நெம்புகோல், வில்லை, மின்சுற்று எல்லாம் அப்படி எத்தாளைக்கும் வர முடியும். திமிங்கிலத்தை மட்டும் பஸ்ஸில் ஏற்ற முடியாது.