ராணுவ ஆபீசர் ஆக எம்.பி. சிபாரிசு வேணுமா? 'கோட்டா' என்று பணம் கேட்டால் உஷார்!

சென்னை:

பையன் பிளஸ்-2 படிக்கிறான். ராணுவத்தில் ஆபீசர் ஆகணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். டெல்லியில் யாரையும் தெரியாது. அப்போதுதான் 'டிப்-டாப்' ஆசாமி ஒருவர் வந்து நிற்பார். "எம்.பி. கோட்டா இருக்கு சார். லெட்டர் வாங்கித் தர்றேன். பணத்தை மட்டும் ரெடி பண்ணுங்க" என்பார். வீட்டுப் பத்திரமும், அம்மாவின் தாலிச்சங்கிலியும் அடகுக்கடைக்குப் போகும்.

விஷயத்தைப் பட்டென்று சொல்லி விடுவோம். நம் நாட்டு ராணுவ அகாடமிகளில் ஆபீசர் பயிற்சிக்குச் சேர எம்.பி., எம்.எல்.ஏ., மந்திரி என்று யாருடைய சிபாரிசு கடிதமும் தேவை இல்லை. அப்படி ஒரு கோட்டாவே கிடையாது.

குழப்பம் எங்கிருந்து வந்தது?

மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் ஒரு எம்.பி.க்கு வருஷத்துக்கு 10 சீட் என்று முன்பு கோட்டா இருந்தது. 2022-ம் ஆண்டு அதையும் தூக்கி விட்டார்கள். ஆனால் 'எம்.பி. லெட்டர்' என்ற வார்த்தை மட்டும் ஜனங்கள் மனதில் இன்னும் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. புரோக்கர்களுக்கு அது வசதி.

இன்னொன்று, அமெரிக்கா கதை. அங்கே வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமி, அன்னாபோலிஸ் கடற்படை அகாடமி, கொலராடோவில் உள்ள விமானப்படை அகாடமி ஆகியவற்றில் சேர நிஜமாகவே 'நாமினேஷன்' வேண்டும். தன் மாநிலத்தின் 2 செனட்டர்கள், தன் தொகுதி எம்.பி., துணை ஜனாதிபதி என்று பல பேரிடம் ஒரே மாணவன் மனு போடுவான். கடலோரக் காவல்படை அகாடமிக்கு மட்டும் அது தேவை இல்லை. அங்கேயும் லெட்டர் கிடைத்தவுடன் சீட் வந்து விடாது. மார்க், உடல் தகுதி, மருத்துவ சோதனை எல்லாம் பார்த்துத்தான் எடுப்பார்கள். அந்த ஊர் சட்டம் வேறு, நம்ம ஊர் சட்டம் வேறு.

ஒரே மனு... நாலு கதவு

பிளஸ்-2 மாணவர்களுக்குப் பெரிய வாசல் என்.டி.ஏ. எனப்படும் தேசிய பாதுகாப்பு அகாடமி. புனே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கிறது. யு.பி.எஸ்.சி. வருஷத்துக்கு 2 முறை பரீட்சை நடத்துகிறது. ஒவ்வொரு முறையும் சுமார் 400 இடம். வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. கல்யாணம் ஆகி இருக்கக்கூடாது. வயது வரம்புக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். மனுக் கட்டணம் 100 ரூபாய்தான். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் பெண்களுக்கும் அதுவும் கிடையாது.

ஆமாம், பெண்களும் எழுதலாம். 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு போட்ட உத்தரவால் கதவு திறந்தது. 2022-ல் முதல் பெண்கள் அணி உள்ளே போனது. அதில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள்.

மனுவில் நம்ம பசங்க கோட்டை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. தரைப்படை, கடற்படை, விமானப்படை, கேரளா எழிமலையில் உள்ள கடற்படை அகாடமி என்று 4 விருப்பத்தை வரிசைப்படுத்திக் கேட்பார்கள். பைலட் ஆசையில் விமானப்படையை மட்டும் போட்டு விட்டு மற்றதைக் காலியாக விடுகிறவர்கள் உண்டு. இது ஆபத்து. இறுதிப் பட்டியலில் ரேங்க்கும் நீங்கள் போட்ட வரிசையும் சேர்ந்துதான் இடத்தை முடிவு செய்யும். விமானப்படைக்கு ரேங்க் பத்தாமல் போனால், தரைப்படையில் கிடைத்திருக்க வேண்டிய இடமும் கையை விட்டுப் போகும். எனவே போக மனசு உள்ள எல்லாவற்றுக்கும் நம்பர் போடுங்கள்.

தரைப்படைக்கு எந்த குரூப் எடுத்து பிளஸ்-2 படித்திருந்தாலும் போதும். காமர்ஸ் பையனும் போகலாம். மற்ற மூன்றுக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். ஆனால் காமர்ஸ் பையனுக்கும் கணக்குப் பரீட்சையில் விலக்கு இல்லை. கணக்குக்கு 300 மார்க், பொதுத்தாளுக்கு 600 மார்க். அந்த 600-ல் 200 இங்கிலீசுக்கு. கேள்வித்தாள் இங்கிலீஷ், இந்தியில்தான் வரும். தமிழ் இல்லை. தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் கழிப்பார்கள். குருட்டாம்போக்கில் டிக் அடித்தால் அம்பேல்.

பாதி மார்க் வேறு இடத்தில்

எழுத்துத் தேர்வு 900 மார்க் என்றால், அடுத்து வரும் எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வுக்கும் 900 மார்க். மொத்தம் 5 நாள். முதல் நாளே வடிகட்டி, பாஸ் ஆகாதவர்களை அன்றே ஊருக்கு அனுப்பி விடுவார்கள். மீதிப்பேருக்கு மனோதத்துவ சோதனை, மைதானத்தில் குழு வேலை, தனிப் பேட்டி எல்லாம் நடக்கும். கடைசி நாளில் எல்லா அதிகாரிகளும் உட்கார்ந்து முடிவு எடுப்பார்கள். கேள்வி கேட்பவர், மனோதத்துவ நிபுணர், மைதானத்தில் கவனிப்பவர் என 3 பேர் தனித்தனியாக மார்க் போடுகிற ஏற்பாடு இது. இதில் ஒரு லெட்டரைக் காட்டி எந்த இடத்தில் நுழைப்பது? புரோக்கரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். ஆள் எஸ்கேப்.

அந்த வகை நுழைவுக்கு முதல் முறையாகப் போகிறவர்களுக்கு ரெயிலில் 3-ம் வகுப்பு ஏ.சி. கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளணும். 'ரெக்கமண்டட்' என்று சொன்னதும் ஊரில் பேனர் வைத்து விடாதீர்கள். அதற்குப் பிறகு மருத்துவ சோதனை இருக்கிறது. அதுவும் பாஸ் ஆகி, ரேங்க் பட்டியலிலும் பெயர் வந்தால்தான் சீட்.

வேறு வழிகளும் உண்டு

என்.டி.ஏ. மட்டும்தான் என்று இல்லை. ஜே.இ.இ. மெயின் எழுதி, பிளஸ்-2-வில் மேற்படி 3 பாடத்திலும் சேர்த்து 60 சதவீதம் எடுத்த பையன், தரைப்படையின் டெக்னிக்கல் நுழைவுக்குத் தனியாக மனு போடலாம். கடற்படையும் ஜே.இ.இ. ரேங்க் பார்த்து பி.டெக். நுழைவுக்குக் கூப்பிடுகிறது. இரண்டுக்கும் தனியாக யு.பி.எஸ்.சி. பரீட்சை கிடையாது, நேரே எஸ்.எஸ்.பி.தான். ஒன்றுக்குப் போட்டால் மற்றதற்குப் போடக்கூடாது என்று எந்தத் தடையும் இல்லை.

டிகிரி முடித்தவர்களுக்கு சி.டி.எஸ். பரீட்சை. இதிலும் ஒரே மனுவில் டேராடூன், எழிமலை, ஐதராபாத் அருகே உள்ள விமானப்படை அகாடமி, நம்ம பரங்கிமலை ஓ.டி.ஏ. எல்லாவற்றையும் கேட்கலாம். எழிமலைக்கு என்ஜினீயரிங் டிகிரி வேண்டும். பரங்கிமலைக்கு எந்த டிகிரியும் ஓ.கே. அதோடு, கணக்குப் பேப்பரும் கிடையாது. டேராடூனும் வேணும், பரங்கிமலையும் வேணும் என்றால் பரங்கிமலையைக் கடைசி விருப்பமாகப் போடுங்கள். காலேஜில் என்.சி.சி. 'சி' சர்டிபிகேட் வாங்கியவர்கள் எழுத்துத் தேர்வே இல்லாமல் ஓ.டி.ஏ.வுக்கு முயற்சி செய்ய தனி வழி இருக்கிறது. பல பசங்களுக்கு இது தெரிவதே இல்லை.

செலவு எவ்வளவு?

என்.டி.ஏ.வில் படிப்பு, தங்கும் இடம், சாப்பாடு, யூனிபார்ம் எல்லாம் அரசு செலவு. கைச்செலவுக்கு மட்டும் வீட்டிலிருந்து அனுப்பணும். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் அதற்கும் உதவித்தொகை கேட்கலாம். 3 வருஷம் முடிந்து டேராடூன் போனதும், பயிற்சியின்போதே மாதம் 56 ஆயிரத்து 100 ரூபாய் உதவித்தொகை வரும்.

ஆனால் பெற்றோர் கையெழுத்துப் போடும் பத்திரத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பாருங்கள். "எனக்குப் பிடிக்கலை" என்று பையன் பாதியில் ஓடி வந்தால், அதுவரை ஆன பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அப்பாவின் ஆசைக்காகப் பையனைத் தள்ளி விடுகிறவர்கள் இதை யோசிக்கணும்.

பச்சை குத்தும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. முழங்கையின் உள்பக்கத்தில் இருந்து மணிக்கட்டு வரையும், புறங்கையிலும்தான் நிரந்தர டாட்டூவுக்கு அனுமதி. பழங்குடியினருக்குத் தனி விதி. மற்றவர்கள் கழுத்திலும் மார்பிலும் காதலி பெயரைக் குத்தி இருந்தால் அதோடு கதை முடிந்தது.

பையன் இப்போதுதான் 7-ம் வகுப்பு என்றால் டேராடூனில் ஆர்.ஐ.எம்.சி. என்ற ராணுவப் பள்ளி இருக்கிறது. பதினொன்றரை முதல் 13 வயது வரை உள்ளவர்கள் 8-ம் வகுப்பில் சேரலாம். 2022 முதல் பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். தமிழ்நாட்டில் இதற்கான நுழைவுத்தேர்வை டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது. உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதிநகர் சைனிக் பள்ளியில் 6 மற்றும் 9-ம் வகுப்புக்குச் சேர்க்கை உண்டு. அதற்கும் தனி நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். இரண்டுக்குமே மனு போடலாம்.