வானில் நிகழ்ந்த போர்

திருச்செந்தூரில் கடலிலும், திருப்பரங்குன்றத்தில் நிலத்திலும், திருப்போரூரில் வானிலும் முருகப்பெருமான் அசுரரோடு பொருதார் என்பது மரபு. வானில் வீழ்ந்தது ஆணவம் என்பர் பெரியோர். தொழிலில் உயரவிடாமல் தடுப்பதும் பெரும்பாலும் அதுவே; பிழையைச் சுட்டினால் முகம் கடுக்கும் திறமைசாலியை அறியாத அலுவலகம் உண்டோ?

இத்தலத்தை 17ஆம் நூற்றாண்டில் புதுப்பித்த சிதம்பர சுவாமிகள் தமிழில் வல்ல புலவர். ஆயினும் குமாரதேவரை நாடி மாணவராய் அமர்ந்தார். பனங்காட்டில் மறைந்திருந்த முருகனைக் கண்டெடுத்துக் கோயில் எழுப்பியது அதற்குப் பின்னரே என்கிறது தலவரலாறு. சந்நிதிமுறையில் 726 பாடல்கள் பாடிய அவரே, சாந்தலிங்க சுவாமிகளின் வைராக்கிய சதகத்திற்கு உரையும் எழுதினார். சொந்தக் கவி கைவந்த புலவருக்குப் பிறர் நூலின் கீழ் அமர்வது எளிதன்று.